மார்ச் 31-க்கும் ஜூன் 12-க்கும் நடுவில் ஒரு குளம்

திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையில், காவிரிப் பாசனத்தின் கடைசி முனையான கடைமடையில் இருக்கிற ஓர் ஊர். அங்குள்ள சின்ன அறக்கட்டளை ஒன்று ஊர்ப் பெரிய குளத்தைத் தூர்வாரப் பணம் தேடியது. முதல் முறை ஒரு கம்பெனி 8 லட்சம் ரூபாய் தருவதாகக் கடிதமே கொடுத்துவிட்டது. ஆனால் குளத்திலிருந்து ஒரு கூடை மண்கூட வெளியே வரவில்லை. அடுத்த முறை ஊர் பாதி, அரசு பாதி என்று போட்டு, அதே 8 லட்சத்தில் வேலை முடிந்தது. இரண்டு முறையும் அதே ஆட்கள், அதே குளம், ஏறக்குறைய அதே எஸ்டிமேட். வேறுபட்டது வேலைக்குக் குறித்த தேதி. காவிரி டெல்டாவில் மானியம் தருகிறவர்களும் கேட்கிறவர்களும் இந்தத் தேதி விஷயத்தைப் போதுமான அளவு பேசுவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். அந்த அறக்கட்டளைக்குக் கணக்கு எழுத உதவுகிறவன் நான். ஊர் பெயரும் ஆட்கள் பெயரும் வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

ஊரும் குளமும்

குளம் பத்து மா. அதாவது மூன்று ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. ஆற்றிலிருந்து பிரிகிற வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வந்து, ஒரு குழாய் வழியாகக் குளத்துக்குள் இறங்க வேண்டும். அந்தக் குழாய் உடைந்து பல வருஷம் ஆகிவிட்டது. மேற்குக் கரை முழுக்க நெய்வேலிக் காட்டாமணக்குப் புதர், உள்ளே ஆகாயத்தாமரை. முழங்கால் ஆழத்துக்கு மேல் தண்ணீர் நிற்பதில்லை.

டெல்டாவில் வாய்க்கால்களை ஏ, பி, சி, டி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஏ, பி வகைகள் நீர்வளத் துறையின் கையில். சி, டி வாய்க்கால்களை வேளாண் பொறியியல் துறை தூர்வாரும். ஊர்க் குளம் ஊராட்சியின் பொறுப்பு. ஆற்றைத் தூர்வார வருஷா வருஷம் அரசு பணம் ஒதுக்குகிறது. குளத்துக்கு அப்படி வருகிற பணம் குறைவு. 2017-ல், விவசாயிகளும் அரசும் சேர்ந்து நீர்நிலைகளைச் சீரமைக்கிற குடிமராமத்துத் திட்டத்தை மறுபடி கொண்டுவந்தபோது, விவசாயிகள் பத்து சதவீதம் பங்கு போட்டால் போதும் என்றார்கள். இந்த ஊருக்கு அது வந்து சேரவில்லை.

அறக்கட்டளை பிறந்தது 2019-ல். முந்தைய வருஷம் நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, தென்னையையும் கூரையையும் படுக்கவைத்துவிட்டுப் போனது. அப்போது அரிசியும் தார்ப்பாயும் வாங்கி விநியோகித்த பையன்கள் அப்புறம் சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு பத்திரம் பதிந்து அறக்கட்டளையாக ஆனார்கள். இந்தப் பகுதியில் பல அமைப்புகளின் ஜாதகமே இதுதான். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு வந்த அமைப்புகளை ஒழுங்குபடுத்தவே, சிநேகா, சிஃப்ஸ் என்ற மீனவர்களுக்கான அமைப்புகள் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையம் நடத்த வேண்டியிருந்தது. பேரிடர் வந்தால் பணம் தேடிவருகிறது. சாதாரண வருஷத்தில் நாம் பணத்தைத் தேடிப்போக வேண்டியிருக்கிறது.

முதல் முயற்சி: கம்பெனிப் பணம்

நிறுவனச் சட்டம் 2013, பிரிவு 135. நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி என்ற அளவைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. இதைத்தான் எல்லாரும் சி.எஸ்.ஆர். என்கிறார்கள்.

2022 ஜூலையில் அறக்கட்டளை ஒரு கம்பெனிக்கு எழுதியது. உடனே காகிதப் பட்டியல் வந்தது. வருமான வரியில் அறக்கட்டளைக்கு விலக்கு தருகிற 12ஏ, நன்கொடையாளருக்குச் சலுகை தருகிற 80ஜி பதிவு. தொண்டு அமைப்புகளுக்கு நிதி ஆயோக் தளம் தருகிற தர்பன் எண். சி.எஸ்.ஆர். பணம் வாங்கிச் செலவிடுகிற அமைப்புகளுக்கு 2021 ஏப்ரலிலிருந்து கட்டாயமாகிவிட்ட சி.எஸ்.ஆர்.-1 பதிவு. அதோடு மூன்று வருஷத் தணிக்கைக் கணக்கு. இதைச் சேர்த்து முடிக்க நவம்பர் ஆகிவிட்டது. ஆடிட்டர் கட்டணத்தைப் பையன்கள் தங்கள் கையிலிருந்தே போட்டார்கள். எந்த மானிய விண்ணப்பத்திலும் இந்தச் செலவுக்கு ஒரு கட்டம் கிடையாது. என்னைக் கேட்டால், சின்ன அமைப்புகளுக்கு உண்மையில் உதவ நினைக்கிற கம்பெனி முதலில் இந்தக் கட்டத்தைத்தான் சேர்க்க வேண்டும்.

2023 ஜனவரியில் ஒப்புதல் கடிதம் வந்தது. இனிப்பு வாங்கினார்கள். கடிதத்தின் கடைசிப் பத்தியை மறுநாள்தான் நிதானமாகப் படித்தார்கள்: பணி மார்ச் 31-க்குள் முடிந்து, பணம் உரிய வேலைக்குச் செலவானது என்கிற பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும்.

டெல்டாவில் ஜனவரி, பிப்ரவரி எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மேட்டூர் அணையை மரபாகத் திறக்கும் நாள் ஜூன் 12, மூடும் நாள் ஜனவரி 28. ஜனவரியில் குளத்தில் தண்ணீர் இருக்கும், சுற்றிலும் சம்பா கதிர் சாய்ந்து நிற்கும். பிப்ரவரி முழுக்க அறுவடை. அறுக்கும் முன்பே நெல் நிற்கிற வயலில் உளுந்தும் பச்சைப் பயறும் தெளித்துவிடுவார்கள். அது மார்ச் கடைசி, ஏப்ரல் வரை வயலில் நிற்கும். குளத்துக்குப் போகிற வண்டிப்பாதை வயல் வழியாகத்தான். பயறு நிற்கிற வயலில் டிப்பரை இறக்குகிறேன் என்று எந்த ஊரிலும் வாய் திறக்க முடியாது. ஆக, நிம்மதியாக மண் எடுக்கக் கிடைக்கிற காலம் ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் முதல் வாரம் வரை. எட்டு வாரத்துக்குள். அதுவும் நிச்சயமில்லை. 2022-ல் அணையை மே 24-லேயே திறந்துவிட்டார்கள்.

போதாக்குறைக்கு 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் பருவம் தவறிய மழை. அறுக்க வேண்டிய நெல் படுத்துவிட்டது. ஊர் முழுக்க ஈர நெல்லை ரோட்டில் பரப்பி, கொள்முதல் நிலையத்து வாசலில் காத்துக்கிடந்தது. குளத்தைப் பற்றிப் பேச யாருக்கும் மனசில்லை.

கம்பெனிக்கு எழுதினார்கள்: மூன்று மாதம் தள்ளிக் கொடுங்கள். சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறது. ‘தொடர் திட்டம்’ என்று இயக்குநர் குழு வகைப்படுத்திவிட்டால், செலவாகாத பணத்தை ஏப்ரல் 30-க்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி, அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். முதலில் ஒரே வருஷ வேலையாக ஒப்புக்கொண்டதையும், தகுந்த காரணம் இருந்தால் குழு நீட்டிக்க முடியும். ஆனால் அதற்குக் குழு கூட வேண்டும், யாராவது அந்தக் கோப்பை அங்கே எடுத்துப் பேச வேண்டும். 8 லட்சத்துக்காக அதைச் செய்ய அந்த அலுவலகத்தில் ஆள் இல்லை. பணத்தை அறக்கட்டளைக் கணக்கில் போட்டுவிட்டால் செலவானதாகிவிடும் என்றும் இல்லை. அறக்கட்டளை செலவழித்தால்தான் கம்பெனி செலவழித்ததாக எழுத முடியும். மார்ச் முதல் வாரத்தில் அந்தத் தொகை வேறொரு மாவட்டத்துக்குப் போய்விட்டது.

கம்பெனியில் பேசிய அதிகாரி நல்ல மனிதர். “தம்பி, இதையே பள்ளிக்கூடத்து பெஞ்சுன்னு கேட்டிருந்தா பத்து நாள்ல முடிச்சிருக்கலாம்” என்றார். அவர் சொன்னது உண்மை. டெல்டாவில் கம்பெனிப் பணம் ஏன் பெஞ்சாகவும் குடிநீர் எந்திரமாகவுமே வருகிறது என்பதற்கு அந்த ஒரு வரி போதும். பெஞ்சுக்குப் பருவம் கிடையாது.

இரண்டாம் முயற்சி: பாதிப் பணம் ஊர்ப் பணம்

‘நமக்கு நாமே’ திட்டம் தமிழ்நாட்டில் 1997-98-ல் தொடங்கியது. 2011-க்குப் பிறகு தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்தது. 2021-22-ல் பழைய பெயரிலேயே திரும்பி வந்தது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட வேண்டும், மீதியை அரசு போடும். மக்கள் பங்கு பாதி அளவுக்கு வந்தால், வேலையை அவர்களே எடுத்துச் செய்யலாம். ஒப்புதல் கொடுப்பவர் மாவட்ட ஆட்சியர்.

பாதி போடுவது என்று முடிவானதற்குக் காரணம் இந்தக் கடைசி விஷயம்தான். வேலை ஊர் கையில் இருந்தால், எந்த வாரம் வண்டி இறங்கலாம் என்பதை ஊரே முடிவு செய்யலாம். பாதி என்றால் 4 லட்சம்.

திருவிழாவுக்குக் குடும்பக் கணக்கில் எடுக்கிற தலைக்கட்டு வரியை ஒட்டி, வீட்டுக்கு 500 ரூபாய் என்று பேசினார்கள். நிலம் உள்ளவர்கள் மாவுக்கு 150 கூடுதலாக. இங்கேதான் ஒரு நல்ல சண்டை வந்தது. கோயில் வரிக் கணக்கில் ஆதிதிராவிடர் குடும்பங்கள் இருக்கிற தெற்குத் தெரு எந்தக் காலத்திலும் இல்லை. வரியும் வாங்கமாட்டார்கள், திருவிழாவில் அவர்களுக்கு முறையும் கிடையாது. குளத்து வரியிலும் அதே கணக்கை வைப்பதா? கூட்டத்தில் தெற்குத் தெருவிலிருந்து நூறு நாள் வேலைக்குப் போகிற அக்கா ஒருவர் எழுந்து கேட்டார்: “எங்ககிட்ட நெலம் இல்ல. கொளத்துத் தண்ணி எங்க வயலுக்குப் போகப்போறதில்ல. ஆனா ஐநூறு தர்றோம். தெக்குக் கரையில எங்களுக்குப் படித்துறை வருமா, வராதா?”

எஸ்டிமேட்டில் படித்துறை வடகரையில் மட்டும் இருந்தது. அரை மணி நேரம் கூச்சல். சில பெரியவர்கள் எழுந்து போய்விட்டார்கள். கடைசியில் ஓவர்சியரைக் கூப்பிட்டு, வடகரைப் படித்துறையை அகலத்தில் குறைத்து, தென்கரையில் ஒன்று சேர்த்தார்கள். அறங்காவலர் குழுவில் அதுவரை ஒரே தெருவின் ஆட்கள்தான் இருந்தார்கள். தெற்குத் தெருவிலிருந்து இரண்டு பேர், அதில் ஒருவர் அந்த அக்கா, குழுவுக்குள் வந்தார்கள். இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இதுதான். கம்பெனிப் பணம் முழுசாக வந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. தன் பணத்தைப் போடுகிறபோதுதான் எங்கே படித்துறை என்று கேட்கிற உரிமை வலுவாக வருகிறது.

210 வீடுகள், 1,05,000 ரூபாய். 480 மா நிலத்துக்கு 72,000. மீதி 2,23,000 வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர்களிடம்.

சிங்கப்பூர்ப் பணம்

மன்னார்குடி, பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை வட்டாரத்தில் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ ஒருவர் இல்லாத தெரு அபூர்வம். ஊர் வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்ட அன்றே பணம் போடுகிறேன் என்று பத்துப் பேர் வந்துவிட்டார்கள். இங்கே நிறுத்தி நிதானிக்க வேண்டியிருந்தது. பல ஊர்ச் சங்கங்கள் தெரியாமலே சட்டத்தை மீறுவது இந்த இடத்தில்தான்.

வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2010-ன்படி, உள்துறை அமைச்சகத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு வெளிநாட்டு நன்கொடையில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு வாங்க வேண்டுமானால் மூன்று வருஷம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். சின்ன அறக்கட்டளைக்கு அது எட்டாத தூரம். முன்பெல்லாம் பதிவுள்ள பெரிய அமைப்பு வாங்கி, சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கும். 2020 செப்டம்பர் திருத்தம் அந்தக் கைமாற்றத்தை அடியோடு தடை செய்துவிட்டது. டெல்டாவில் சத்தமில்லாமல் படுத்துப்போன மாலை வகுப்புகளுக்கும் மகளிர் மையங்களுக்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் வெளிநாட்டில் வேலை பார்க்கிற இந்தியக் குடிமகன், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. எந்த நாட்டில் இருக்கிறார் என்பது இங்கே முக்கியமில்லை, எந்த நாட்டின் பாஸ்போர்ட் என்பதுதான் முக்கியம். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் இதே ஊரில் பிறந்து, இதே குளத்தில் நீச்சல் பழகியிருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டு மூலம்தான். அவர் ஊருக்கு வந்து ரூபாயாகவே கொடுத்தாலும் அப்படித்தான்.

அதனால் பணம் போடுகிற ஒவ்வொருவரிடமும் பாஸ்போர்ட் முதல் பக்க நகல் கேட்டோம். சிலருக்குக் கோபம். “என்னண்ணே, சொந்த ஊருக்குக் காசு குடுக்கப் பாஸ்போர்ட்டா?” என்று ஒரு தம்பி போனிலேயே சத்தம் போட்டான். பொறுமையாக விளக்கிச் சொன்னதும் அவனே மற்றவர்களிடம் வாங்கிக் கொடுத்தான். குடியுரிமை மாறிய ஒருவர் மட்டும் ஒரு லட்சம் தருவதாகச் சொல்லியிருந்தார். எல்லாரையும்விடப் பெரிய தொகை. முடியாது என்றதும், ஊரில் இருக்கிற தங்கை கணக்கில் போட்டு, தங்கை பெயரிலேயே கொடுத்துவிடுகிறேன் என்றார். அவர் மனசு எனக்குப் புரிந்தது. ஆனால் வெளிநாட்டு மூலத்திலிருந்து இன்னொருவர் கை வழியாக வந்தாலும் அது வெளிநாட்டுப் பணம்தான் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. அந்த ஒரு லட்சத்தை விட்டுவிட்டு, மீதிப் பேரிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி வாங்கினார்கள். அதற்கே இரண்டு மாதம் கூடுதலாக ஆனது.

தேதியைப் பிடித்தது

2023 அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம். நவம்பரில் 4 லட்சத்துக்கு டிடி எடுத்து, நில ஆவணங்களான அ-பதிவேடு நகல், புலப்பட நகல், எஸ்டிமேட்டோடு ஆட்சியர் அலுவலகத்தில் மனு. விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே வேலைக் காலம் என்று தனியாக ஒரு வரி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 5 வரை. ஏன் என்று கீழே நாலு வரியில் பயறு, அணை, வண்டிப்பாதை எல்லாம் எழுதப்பட்டது. இப்படி ஒரு வரி எழுத எந்தப் படிவமும் கேட்கவில்லை. கேட்காததை எழுதியதால்தான் பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீசில் இருந்தவர்கள் கோப்பை அவசரமாக நகர்த்தினார்கள் என்று நினைக்கிறேன்.

2024-ல் இன்னொரு தேதியும் குறுக்கே நின்றது. மக்களவைத் தேர்தல். அறிவிப்பு வந்த நொடியிலிருந்து நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிடும், புதிய வேலை எதையும் தொடங்க முடியாது. களத்தில் ஏற்கெனவே தொடங்கிய வேலை மட்டும் தொடரலாம். நிர்வாக அனுமதி ஜனவரியில் வந்தது, வேலை உத்தரவு பிப்ரவரி கடைசியில். மார்ச் முதல் வாரத்தில் ஓவர்சியர் வந்து அளந்து, கல் நட்டு, வயல் பக்கம் போகாமலே செய்யக்கூடிய கரைப் புதர் வெட்டும் வேலையைத் தொடங்கிவைத்துவிட்டார். தேர்தல் அறிவிப்பு மார்ச் 16-ல் வந்தது. பக்கத்து ஊர் ஒன்றில் வேலை உத்தரவு கையில் இருந்தும் மண்வெட்டி இறங்காததால், ஜூன் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வாக்குப்பதிவு ஏப்ரல் 19. மறுவாரமே மண் அள்ளுகிற ஹிட்டாச்சி எந்திரம் இறங்கியது.

தூர்வாரும் வேலையில் ஊருக்கு வருகிற முதல் சந்தேகம் மண் எங்கே போகிறது என்பதுதான். அதற்கு ஒரு நோட்டு போட்டார்கள். பி.காம். படிக்கிற ஒரு பெண், குளத்து மேட்டில் புளியமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு டிப்பருக்கும் வண்டி எண், நேரம், மண் போகிற இடம், டிரைவர் கையெழுத்து என்று எழுதினார். ‘கரைக்கு’, ‘தெற்குத் தெரு மனைக்கட்டு’, ‘பள்ளிக்கூட மைதானம்’ என்று மூன்றே இடம். நோட்டின் நடுவில் சிவப்புப் பேனாவில் ஒரு வரி இருக்கிறது: ‘கையெழுத்துப் போடவில்லை, வண்டி திருப்பி அனுப்பப்பட்டது.’ சாயங்காலம் அன்றைய மொத்தத்தை டீக்கடைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிடுவார்கள். இரண்டாம் தவணை பில்லுக்கு அளவுப் புத்தகம் எழுத வந்த ஓவர்சியர், இந்த நோட்டை வைத்து அளவை ஒப்பிட்டுப் பார்த்தார். அரசுப் பணம் தாமதமில்லாமல் வந்ததில் இந்த நோட்டுக்குப் பங்கு உண்டு.

மே நடுவில் கோடை மழை வந்து சில நாள் கெட்டது. ஜூன் முதல் வாரத்தில் குழாயும் இரண்டு படித்துறைகளும் முடிந்தன. அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் இல்லை, ஜூன் 12-ல் அணை திறக்கவில்லை, ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். கடைமடைக்கு வந்து சேர அதற்குப் பிறகும் நாளானது. ஆனால் வந்தபோது குழாய் வழியாகக் குளத்துக்குள் இறங்கியது.

தருகிறவர்களுக்கு

டெல்டாவில் நீர்நிலை வேலைக்குப் பணம் கொடுக்க நினைக்கிற கம்பெனிகளிடம் ஒரே ஒரு கோரிக்கை. முதல் நாளிலேயே அதைத் தொடர் திட்டமாக வகைப்படுத்திவிடுங்கள், முடிக்கிற தேதியை ஜூன் 30 என்று வையுங்கள். சட்டம் அனுமதிக்கிறது. கூடுதலாக ஒரு பைசா செலவில்லை. கேட்கிற அறக்கட்டளைகள் ஜூலையில் எழுதத் தொடங்கினால், காகிதம் சேர்ந்து, குழு கூடி, பணம் வந்து, ஏப்ரலில் வண்டி இறங்கச் சரியாக இருக்கும். ஜனவரியில் கிடைக்கிற பணத்தை மார்ச்சுக்குள் முடிக்கச் சொன்னால், அதை எழுத்தில் மறுத்து, தேதியை மாற்றிக் கேளுங்கள். அவசரமாக வாங்கி அரைகுறையாக வெட்டிய குளங்களையும் இந்தப் பக்கத்தில் பார்க்கிறேன். ஓரத்தில் நாலு அடி மண் எடுத்துக் கரையில் போட்டு, முதல் மழையிலேயே அது உள்ளே சரிந்திருக்கும்.

பராமரிப்பு இன்னும் முடியாத கதை. குளம் ஊராட்சியின் சொத்து, மீன் ஏலப் பணம் ஊராட்சிக் கணக்குக்குத்தான் போகும். அறக்கட்டளை அதில் கை வைக்க முடியாது. ஏலத் தொகையில் ஒரு பகுதியை இதே குளத்தின் கரைக்கும் குழாய்க்கும் ஒதுக்க வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் போட்டு, அப்போதிருந்த தலைவரும் ஒப்புக்கொண்டார். 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து, தனி அலுவலர் பொறுப்புக்கு வந்துவிட்டார். தீர்மானத்தின் நகலோடு அவரிடம் மறுபடி மனு கொடுத்திருக்கிறார்கள். மேற்குக் கரையில் காட்டாமணக்கு திரும்பத் துளிர்விட ஆரம்பித்திருக்கிறது. அதை வேரோடு எடுக்க ஆகிற செலவை மனுவில் தனியாக எழுதி, எடுக்க வேண்டிய மாதம் மே என்றும் குறித்திருக்கிறார்கள்.